சேற்றைத் தின்ற சக்கரம்

மகள் ஜலீலாவின் கல்யாண விருந்துக்கென்றே கபீர் பதினாலு மாதமாக முந்நூறு கரிமீன் வளர்த்தார். மட்டாஞ்சேரியில் வீட்டுக்குப் பின்னால் குளம் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லித்தான் சம்பந்தமே முடிந்தது. பெண்ணின் படிப்பை மாப்பிள்ளை வீட்டார் கேட்கவில்லை. மீனின் எடையைக் கேட்டார்கள்.

வருஷாவருஷம் மேட மாசத்தில் குளத்தில் ஆள் இறக்கி அடிச்சேற்றை வாரித் தென்னை மூட்டில் போடுவது வழக்கம். கல்யாண வருஷமான எண்பத்து மூன்றில் அது நடக்கவில்லை. தங்கை புருஷன் சலாவுதீன் குவைத்திலிருந்து ஒரு யந்திரம் கொண்டுவந்திருந்தான். மிதவையில் நின்று கரண்டில் சுழன்று, தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் சக்கரம்.

"ஆளு எதுக்கு மச்சான்? சேறை இதுவே தின்னுரும்."

"தின்னுட்டு எங்கடா பேலும்?"

"கடல் தாண்டிச் சுமந்து வந்த மனுஷன்கிட்டப் பேசுற பேச்சா இது?" என்றாள் மனைவி லதீஃபா. கபீர் சேறு வார வந்த ஆட்களைத் திருப்பி அனுப்பினார்.

நிக்காஹுக்கு இரண்டு நாள் முன்பு மாப்பிள்ளை வீட்டார் மீன் பார்க்க வந்தார்கள். சலாவுதீன் சக்கரத்தைக் கரையோரம் கட்டினான்.

"நடுவுல ஆழத்துல கட்டுடா. இங்க முட்டளவுதான் தண்ணி, அடியைக் கிளறிரும்."

"நடுவுல வெச்சா நாற்காலியிலேருந்து தெரியுமா மச்சான்?"

ஸ்விட்சைப் போட்டதும் தண்ணீர் பூவாய்ச் சிதறியது. சம்பந்தி கைதட்டினார். கால் மணி நேரத்தில் பூ சாயா நிறமானது, பிறகு மையானது. வாராத சேறு முழுக்க மேலே வந்தது, அழுகின முட்டை நாற்றத்தோடு. விருந்தாளிகள் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

கரிமீன்கள் மூச்சு முட்டி மேலே வந்து வாயைப் பிளந்தன.

"அட, நம்மளைப் பார்க்க வருது!" என்றார் சம்பந்தி.

கபீர் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினார். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது முந்நூறும் வயிறு காட்டி மிதந்தன.

"மெஷின் குத்தமில்ல. உங்க சேறு சரியில்ல மச்சான்," என்றான் சலாவுதீன். எல்லாரும் தலையாட்டினார்கள். மெஷினில் ஒரு கீறல்கூட இல்லைதான்.

விருந்தன்று எர்ணாகுளம் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் பெட்டியில் கரிமீன் இறக்கி மானத்தைக் காப்பாற்றியதும் சலாவுதீன்தான். "குடும்பத்துல ஆம்பளைன்னா இவரு மாதிரி இருக்கணும்," என்றார் சம்பந்தி, முள்ளை ஒதுக்கிக்கொண்டே.

கபீர் அவர் தட்டில் இன்னொரு மீனை வைத்தார். செத்த முந்நூறையும் தன் கையாலேயே தென்னை மூட்டில் புதைத்திருந்தார். நகக்கண்ணில் கறுப்பு இன்னும் போகவில்லை.

"கையை மறைங்க," என்று லதீஃபா காதோடு சொன்னாள். "பார்த்தா அருவருப்பா இருக்கு."