சட்டைப் பையில் நீலமான தங்கம்

ஆய்வகத்தில் அவரை எல்லோரும் உப்பண்ணன் என்பார்கள். நாள் முழுதும் உப்புக் கரைசல்களோடுதான் வேலை. பக்கத்து மேசைக்காரி தயாரித்திருந்தது தங்க நானோ துகள்கள் மிதக்கும் சிவப்புக் கரைசல். துகள்களைச் சுற்றியுள்ள பாலிமர் இழைகள் நீரில் விரிந்து நின்று, அவற்றை ஒட்டவிடாமல் காக்கும். உப்பு அளவுமீறினால் துகள்கள் திரண்டு, சிவப்பு நீலமாகிவிடும்.

இன்று தேர்வாளர் அந்தக் கரைசலைப் பார்க்க வருகிறார். அவளுடைய பட்டமே அதை நம்பி நிற்கிறது. நேற்று உப்பண்ணன் அவள் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தது அவளுக்கு உறுத்தியது. காலையில் வந்ததும் குப்பியைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். மதியம் வரை அவர்மேல் ஒரு கண் இருந்தது.

தேர்வாளர் வரும் நேரத்தில் குப்பியை வெளியே எடுத்தாள். கரைசல் நீலமாக இருந்தது.

“அண்ணே, இதுல என்ன போட்டீங்க?”

“பேரு உப்புன்னா கண்டதுல எல்லாம் கொட்டுவேனா? குடும்மா அதை.” வாங்கி ஐஸ் பெட்டியில் செருகினார். “உப்புன்னா இப்படியேதான் கிடக்கும். சூட்டுல சுருங்கின பாலிமர்னா குளிர்ந்ததும் விரிஞ்சிரும்.”

இருவரும் குனிந்து பார்த்தார்கள். நீலம் ஊதாவாகி, மெல்லச் சிவந்தது.

“எங்கம்மா வச்சிருந்தே?”

“கோட்டுக்கு உள்ள, சட்டைப் பையில.”

“உடம்புச் சூடே போதுமே. உனக்குத் தெரியாததா? அங்க எதுக்கு வச்சே?”

அவள் குப்பியை எடுக்கக் கை நீட்டினாள்.

“தொடாதே, மறுபடி சூடாயிரும். பெட்டியோட கொண்டு போ,” என்றார். “நான் தொட்டேன்னு நாளைக்குச் சொல்லக் கூடாது.”