சின்னம்மாவின் கை

உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த அந்த ஆண்டு, எங்கள் கடற்கரைக் கோயிலிலும் ஒரு பயிற்சி நடந்தது. துவக்கோடு யாராவது சுட வந்தால் என்ன செய்வது என்று, கோயிலைப் பராமரிக்கும் யாகப்பு அண்ணை சொல்லித்தந்தார்.

"ஓட வழி இருந்தால் ஓடுங்கோ. இல்லாட்டி ஒளியுங்கோ. கதவைப் பூட்டினால் மூச்சுக்கூடக் கேக்கக் கூடாது. நான் மணி அடிக்குமட்டும் ஒருத்தரும் திறக்கப்படாது."

"நிலத்தில படுக்கிறேல்லையோ?" என்று பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு பெண் கேட்டார்.

"அது மேலயிருந்து ஷெல் விழேக்க, மச்சாள். இவன் நடந்து வாறவன்."

எல்லோரும் சிரித்தார்கள். துவக்குக்காரனாக நடிக்க வந்த நிறோஜன் துடுப்பைத் தோளில் வைத்திருந்தான். "அண்ணை, நான் ஆரையும் சுட்டால் பாவசங்கீர்த்தனம் செய்யவேணுமோ?"

விசில் ஒலித்தது. நானும் ஞானமலர்ச் சின்னம்மாவும் அக்காவின் இரண்டு வயது மகள் தேனுகாவும் பீடத்துக்குப் பின்னாலிருந்த சிறிய அறைக்குள் ஓடினோம். கொண்டியைப் போட்டேன். ஜன்னல் இல்லாத அறை. கதவடியில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம்.

தேனுகா சிணுங்கினாள். சின்னம்மா அவளை மடிக்கு இழுத்து வாயைப் பொத்தினார். யுத்தம் முடிந்தபின் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர் அவர். அதற்கு முந்தைய எதையும் சொன்னதில்லை.

காலடிகள் வந்தன. வெளிச்சக் கோட்டை இரண்டு நிழல்கள் மறித்தன. துடுப்பு கதவை மெல்லத் தட்டியது.

"எல்லாம் முடிஞ்சுது. வெளியில வாங்கோ."

நிறோஜனின் குரல்தான். ஆனாலும் கொண்டியைக் கையால் அழுத்திப் பிடித்தேன்.

தேனுகாவின் கால்கள் உதறின. பிறகு உதறல் குறைந்துகொண்டே வந்தது. குனிந்து பார்த்தேன். அந்தக் கை வாயை மட்டுமல்ல, மூக்கையும் மூடியிருந்தது.

"சின்னம்மா, கையை எடுங்கோ."

"சத்தம் போடாத, கயல்," என்று அவர் பிள்ளையின் காதுக்குள் சொன்னார். "பங்கருக்கு மேல நிக்கிறாங்கள்."

எங்கள் வீட்டில் கயல் என்று யாருமில்லை. நாங்கள் இருந்தது பதுங்குகுழியும் இல்லை.

விரல்களை இழுத்தேன். ஒன்றுகூட அசையவில்லை. மணியும் அடிக்கவில்லை. கொண்டியைத் தட்டிக் கதவைத் திறந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது.

வெளிச்சம் முகத்தில் பட்டதும் கை தளர்ந்தது. நீலம் பாய்ந்த உதடுகளால் தேனுகா ஒருமுறை மூச்சை இழுத்தாள். பிறகு கோயில் முழுக்கக் கேட்க அழுதாள்.

"பாங்! மூண்டு பேரும் செத்தாச்சு," என்று சிரித்தபடி நிறோஜன் துடுப்பை நீட்டினான். சின்னம்மாவின் முகத்தைக் கண்டதும் அதைத் தாழ்த்திவிட்டான்.

அவர் ஈரமாயிருந்த தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் பிள்ளை திறந்தனீ? மணி அடிக்கேல்லையே."

அடுத்த சனிக்கிழமையும் பயிற்சி நடந்தது. அதே அறை. நான் கொண்டியைப் போட்டுவிட்டுத் திரும்புமுன்பே, "நீயே வைச்சிரு," என்று சின்னம்மா தேனுகாவை என் கையில் தந்தார். சுவரோரம் போய், இரு கைகளையும் தன் தொடைகளுக்குக் கீழே வைத்து அவற்றின் மேல் அமர்ந்துகொண்டார்.

வெளியே காலடி கேட்டது. சேலைக்குக் கீழே அந்தக் கைகள் அசையத் தொடங்கின.