ஜூனியருக்குப் பிறகு

ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணி ஊரை விட்டுப் போனதும், பனி அரங்கு காலியாகக் கிடக்கக் கூடாது என்று மெத்தைக் கடைக்காரர் ஒருவர் தொழில்முறை அணி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதன் பெயர் கோப்ராஸ். வருடத்தில் பாதி நாள் ஏரி உறைந்து கிடக்கும் வட ஒன்டாரியோவுக்கு நாகப்பாம்பு எங்கிருந்து வந்தது என்று ஐலா கேட்டாள்.

"மெத்தைக்கு அடியிலேர்ந்து" என்றார் அவள் கணவர் ரெய்னோ.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜூனியர் ஹாக்கி ஆடுவதற்காகப் பதினாறு வயதில் வீட்டை விட்டு வரும் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்து வளர்த்தவள் அவள். சாப்பாடு, படுக்கை, கண்டிப்பு எல்லாம் அவள் பொறுப்பு. அவர்களில் இரண்டு பேர் பெரிய லீக் வரை போனார்கள். அதைச் சொல்லும்போது தன் வயிற்றில் பிறந்தவர்களைப் பற்றிச் சொல்வது போலவே சொல்வாள்.

கோப்ராஸின் முதல் ஆட்டத்துக்குப் போனவள் முதல் இடைவேளையிலேயே திரும்பி வந்துவிட்டாள். அது ஹாக்கியே இல்லை. ஜூனியரில் ஒவ்வொரு பையனும் எங்கோ போய்க்கொண்டிருப்பான். அந்த அவசரம் அவன் காலில் தெரியும். இவர்கள் எங்கும் போகாதவர்கள். முப்பது வயது, தொப்பை, முன்பல் இல்லாத வாய், பகலில் டயர் கடையில் வேலை. சம்பளம் வாங்குவதால் தொழில்முறையாம். பதினேழு வயதுப் பையன் ஏறெடுத்துப் பார்க்காமலே சரியாகத் தன் ஆளிடம் தள்ளிவிடுகிற பக் என்கிற ரப்பர் வில்லையை, இவர்கள் நின்று யோசித்து எதிராளியிடம் கொடுத்தார்கள். பிறகு கையுறையைக் கழற்றி வீசிவிட்டு அடித்துக்கொண்டார்கள். அதற்குத்தான் கூட்டம் பியர் கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தியது.

நவம்பரில் ஒரு மதியம் டெவ்லின் மோஃபட் வாசலில் வந்து நின்றான். அவள் வீட்டில் தங்கி ஆடி ஜூனியர் அணிக்குக் கேப்டனானவன். மூன்றாவதாகப் பெரிய லீக்குக்குப் போகப்போவது இவன்தான் என்று அவள் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஜூனியர் வயது முடிந்த இந்த ஆறு வருடத்தில் அவன் ஒவ்வொரு லீக்காகக் கீழே இறங்கியபோதெல்லாம், இது தற்காலிகம் என்றும் அவளே சொன்னாள்.

"ஐலாம்மா, என் ரூம் காலியாத்தானே இருக்கு?" ஏலக்காய் ரொட்டியை எடுத்துக் கடித்தபடி கேட்டான்.

"ஏன்டா, லீவா?"

"இல்ல. கோப்ராஸ்ல சேந்துட்டேன்."

அவள் காப்பிக் கெண்டியைக் கீழே வைத்தாள். "அந்தக் குடிகாரக் கூட்டத்துலயா? டேய், அதே அரங்குல உனக்காக ஊரே எழுந்து நின்னுதுடா. அங்கேயே இப்போ சர்க்கஸ் கரடி மாதிரி ஆடப்போறியா?"

"கரடிக்காவது மூணு வேளையும் சோறு போடுவாங்க. இங்க அதுவும் சந்தேகந்தான்."

ரெய்னோ சிரித்தார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

"போய்ப் படிச்சு முடி. இல்லன்னா சின்னப் பசங்களுக்குச் சொல்லிக்குடு. மரியாதையாவது மிஞ்சும்."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "இங்க இருந்தப்போ மேட்ச் அன்னிக்கெல்லாம் மேல குளியலறையில வாந்தி எடுப்பேன். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். குழாயத் திறந்து விட்டுட்டு எடுப்ப. கீழ கேக்கும்."

"தெரியுமா! ஒரு நாள்கூட என்னன்னு கேக்கலையே நீங்க?"

பெரிய ஆட்டக்காரர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அந்தச் சத்தம் கேட்கும்போது, தன் கூரைக்குக் கீழே ஒருவன் உருவாகிறான் என்று பெருமையாகக்கூட இருந்தது.

"இப்போ எடுக்கறதில்லம்மா" என்றான். "அவனுங்களோட சிரிச்சுட்டே போறேன். சிரிச்சுட்டே வரேன்."

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தோற்று, அழுதுகொண்டு வந்திருந்தால் அப்போதே மேலே போய்ப் படுக்கையை விரித்திருப்பாள்.

"ரூம் இல்ல. எங்கயாவது போகப்போற பசங்களுக்குத்தான் இந்த வீடு."

"ஐலா!" என்றார் ரெய்னோ.

டெவ்லின் மேசையில் சிந்திய துகள்களைக் கையால் கூட்டித் தட்டில் போட்டான். "சரிம்மா" என்று எழுந்து போனான். டயர் கடை மாடியில் இன்னும் இரண்டு பேரோடு தங்கியிருக்கிறான் என்று பிறகு தெரிந்தது.

பெரிய லீக்குக்குப் போகாத மற்ற பையன்களை அவள் நினைத்துப் பார்க்க முயன்றாள். சில பெயர்கள் வந்தன, முகங்கள் வரவில்லை. முதல் ஓரிரு கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்பியிருப்பாள், பிறகு நின்றுபோயிருக்கும். வேண்டுமென்று நிறுத்தவில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே எரிச்சலாக இருந்தது. எரிச்சலை அவன் பக்கம் திருப்புவது சுலபமாக இருந்தது. அவனுக்கு வெட்கம் வர வேண்டும். தன்னைப் பார்வையாளர் வரிசையில் கண்டால் வரும்; வந்தால் அணியை விட்டுவிட்டுப் போவான். அதற்காகவே சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனாள்.

ஜூனியர் ஆட்டத்தில் பையன்களைக் கேலி செய்து யாரும் கத்த மாட்டார்கள். கத்தினால் பக்கத்தில் இருப்பவரே அதட்டுவார். இங்கே கத்துவதற்கும் சேர்த்துத்தான் டிக்கெட்.

"மோஃபட்டு! எங்க வீட்டு ஃபிரிட்ஜு உன்னவிட வேகமா நகரும்டா!" என்றான் பின்வரிசைத் தடியன்.

"அதுக்குள்ளயும் பியர்தானே இருக்கு!" என்று பனியிலிருந்து திருப்பிக் கத்தினான் டெவ்லின்.

இரண்டாம் பகுதியில், எதிரணி கோல்கீப்பர் விழுந்து கிடக்க, திறந்த வலைக்கு முன்னால் பக் அவனிடம் வந்தது. ஓங்கி அடித்தான். பக் அங்கேயே இருந்தது. அவன் சுற்றிக்கொண்டு போய்ப் பின்பக்கம் அடிபட விழுந்தான். அரங்கே சிரித்தது. விழுந்த இடத்தில் உட்கார்ந்தபடி அவனும் சிரித்தான்.

ஐலா எழுந்து நின்றாள்.

"போதும்டா டெவ்லின்! எழுந்து வீட்டுக்குப் போ! இதெல்லாம் ஒரு பிழைப்பா?"

அது தன் குரலா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. அடுத்த கணம் கூரை இடிந்து விழுவது போல ஆரவாரம். "அப்படிப் போடு ஆத்தா!" என்று தடியன் அவள் தோளில் தட்டினான். "வீட்டுக்குப் போ! வீட்டுக்குப் போ!" என்று வரிசை வரிசையாகக் காலால் தரையை உதைத்துக் கத்தினார்கள்.

டெவ்லின் தேடி அவளைக் கண்டுபிடித்தான். மட்டையை அவளை நோக்கி உயர்த்தினான். கேப்டனாக இருந்த காலத்தில் ஒரு நாளும் அவள் பார்த்திராத மலர்ச்சி அந்த முகத்தில். தனக்காக வந்துவிட்டாள் என்று நினைத்துவிட்டான்.

யாரோ அவள் கையில் ஒரு பியரைத் திணித்தார்கள். அடுத்த முறை அவன் பக்கைத் தவறவிட்டதும், இப்போது என்ன சொல்வாளோ என்று சுற்றியிருந்த எல்லோரும் ஆசையோடு அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். சொன்னதில் ஒரு வார்த்தைகூட வேடிக்கைக்கு இல்லை என்பதை அந்த அரங்கில் யாரிடம் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.