எதிரே வெறும் கணுக்கால்

அம்மாவின் நீட்டிய கால்களின் மேல் எதிரும் புதிருமாக நாங்கள் இரண்டு பேர், முழங்கால் பக்கம் பிரிட்டோ, கணுக்கால் பக்கம் நான், புறவாசல் குழாய் சொட்டிக்கொண்டிருக்கிறது, அம்மா ஸ்ஸ் ஸ்ஸ் என்கிறாள், ஒரே வயிற்றில் கிடந்து வந்தவர்கள் ஆய் போகவும் ஒன்றாகவே பழகிக்கொண்டிருக்கிறோம், மூன்று வயதுகூட ஆகவில்லை, இதெல்லாம் எனக்கே நினைவிருக்கிறதா, அம்மா சொல்லிச் சொல்லி நினைவானதா, கனவா, தெரியாது, அவன் முகம் மட்டும் தெரியும். முதல் ஸ்ஸிலேயே அவனுக்கு வந்துவிடும், எனக்கோ அவன் மூக்கைச் சுருக்கி முகம் சிவப்பதைப் பார்த்தால்தான் வரும், பார்த்தாலும் நேரமாகும், முடித்தவன் எழுந்து ஓடாமல் எனக்காக உட்கார்ந்திருப்பான், அம்மாவின் கால் மரத்துப்போகும், ஏட்டி, கல்லயா முழுங்கிருக்க, சீக்கிரம் போயேன் என்பாள், அவன் சிரிப்பான், நானும் சிரிப்பேன், சிரித்தால் வந்ததும் உள்ளே போய்விடும்.

பிறகு அந்தப் பச்சை நாற்காலி வந்தது, நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி, ஆய் வந்தா சொல்லத் தெரிஞ்ச புள்ளயத்தான் சேப்போம் என்று பால்வாடி டீச்சர் சொல்லிவிட்டாளாம், அதைக் கண்டதும் இருவரும் ஒரே குரலில் அழுதோம், அவனும்தான் அழுதான், அதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை, மறுநாள் காலையில் கண் விழிக்கிறேன், அவன் அதில் உட்கார்ந்திருக்கிறான், தனியாக, ராஜா மாதிரி, அம்மா கைதட்டுகிறாள், எலே என் தங்கமே என்கிறாள், அவனுக்குக் கைதட்டல் போதும், அதற்கு என்னை விற்றுவிட்டான். துரோகி. அந்தச் சொல் அப்போது எனக்குத் தெரியாது, வயிற்றுக்குத் தெரிந்திருந்தது, அவன் பால்வாடிக்குப் போய்விட்டான், நான் அம்மாவின் காலில் ஒற்றையாக, ஸ்ஸ் ஸ்ஸ், எதிரே யாருமில்லை, வரவில்லை, அம்மா விளக்கெண்ணெய் கொடுத்தும் வரவில்லை. அவனிடம் போக வேறு வழியில்லை என்று ஒரு காலையில் எப்படியோ புரிந்தது, நானே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன், கண்ணை மூடினேன், கண்ணுக்குள் அவன் மூக்கைச் சுருக்கினான், வந்துவிட்டது.

அம்மா கைதட்டுகிறாள், தட்டிக்கொண்டிருக்கும்போதே வாசலில் பால்வாடி ஆயா, அவள் கையில் பிரிட்டோ, டவுசரெல்லாம் நாறுகிறது, தெனமும் சொல்லிட்டுப் போற புள்ள இன்னைக்கு வேணும்னே போயிட்டான்க்கா, ஏம்லே இப்படிப் பண்ணுனன்னு கேட்டா, வீட்டுக்கு விட்ருவீங்கல்ல, பாப்பா தனியா இருக்கால்லங்கான் என்கிறாள் ஆயா. என்னிடம் ஓடி வந்தவன் பாதியில் நின்றுவிட்டான், நாற்காலியில் என்னைப் பார்க்கிறான், அம்மாவின் கைகளைப் பார்க்கிறான், அவனை அப்படித்தான் நானும் அவன் நாற்காலியேறிய காலையில் பார்த்தேன். அப்ப நாளைக்குப் பாப்பாவ அனுப்புங்க, இவன் கொஞ்ச நாள் வீட்ல இருக்கட்டும் என்றாள் ஆயா, நான் வேண்டாம் என்றேனா, அழுதேனா, மறுநாள் ஆயாவின் இடுப்பிலிருந்து திரும்பிப் பார்க்கிறேன், வாசலிலிருந்து புறவாசல்வரை நேராகத் தெரிகிறது, அம்மா கால் நீட்டியிருக்கிறாள், முழங்கால் பக்கம் அவன் மட்டும், எதிரே வெறும் கணுக்கால், ஸ்ஸ் ஸ்ஸ் என்கிறாள் அம்மா, அவன் மூக்கைச் சுருக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.