மச்சான், தலையை ஆட்டாதீங்க

அழகுக்கலைக் கல்லூரியில் இன்ஷா ஓராண்டாக வெட்டியதெல்லாம் பொம்மைத் தலைகளின் முடியைத்தான். மேசையோடு திருகி இறுக்கிய தலைகள். திரும்பாது, தும்மாது, எதற்கும் ஆமாம் சொல்லி ஆடாது. அந்தத் துணிச்சலில், முடிவெட்டுவதில் உங்கள் தன்னம்பிக்கை எவ்வளவு என்று கேட்ட படிவத்தில் ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தாள்.

இறுதித் தேர்வுக்கு உயிருள்ள தலை வேண்டும். மகர்பட்டா ஐடி பார்க்கில் வேலை பார்க்கும் அக்காள் கணவர் மன்சூரைப் பிடித்து வந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்ததுமே அலுவலக மீட்டிங் தொடங்கிவிட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

"யெஸ் சார்," என்றார். தலை மேலும் கீழும் போனது. கத்தரிக்கோல் காற்றை வெட்டியது.

"மச்சான், தலையை ஆட்டாதீங்க."

"நான் எங்கேம்மா ஆட்டினேன்? யெஸ் சார்!"

வலது காதுக்கு மேலே ஒரு சின்ன மொட்டை விழுந்தது. தேர்வாளர் ப்ரீத்தி மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் இருபது நிமிடம். தோற்றால் இன்ஷாவுக்கு மறுபடி ஆறு மாதம் பொம்மைகளோடுதான்.

"கேமராவே ஆஃப்ல இருக்கு. யாருக்காக ஆட்டுறீங்க?"

மன்சூர் போனை மியூட்டில் போட்டுவிட்டு, தலையை ஆட்டாமல் 'யெஸ்' சொல்லிப் பார்த்தார். முடியவில்லை. 'யெஸ்' வாயில் கிளம்பும்போதே கழுத்தும் கிளம்பியது.

"அப்ப பேசவே பேசாதீங்க," என்று இன்ஷா, அவர் மறுபடி சொல்லிப் பார்க்காதபடி மியூட்டை எடுத்துவிட்டாள்.

"சனிக்கிழமை எல்லாரும் ஆபீஸ் வரணுமுங்க. மன்சூர், ஓகேதானுங்களே?" மேனேஜர் தங்கராஜ் கோயம்புத்தூர்க்காரர்.

மன்சூர் சிலையாக இருந்தார். கத்தரிக்கோல் மட்டும் ஓடியது. சரக், சரக்.

"மன்சூர்? பேச்சையே காணோமுங்க? சரி, அரை நாள் வந்தாப் போதும்."

சரக், சரக், சரக்.

"அதென்னங்க சத்தம்? பல்லைக் கடிக்கிறீங்களா? கோவப்படாதீங்க. சனிக்கிழமை யாரும் வர வேண்டாம், போதுமுங்களா?"

பதினெட்டாவது நிமிடத்தில் வெட்டு முடிந்தது. மொட்டையைச் சுற்றிக் குட்டையாக்கி, மறுபக்கத்தையும் அதற்கேற்ப இறக்கிவிட்டிருந்தாள். பார்த்தால் வேண்டுமென்றே செய்த ஸ்டைல். ப்ரீத்தி மேடம் அவளைத் தேர்ச்சி என்று எழுதி, வாடிக்கையாளரைக் கையாளும் திறனுக்கு முழு மதிப்பெண்ணும் போட்டார்.

மன்சூர் எழுந்திருக்கவில்லை.

"இன்ஷா, புதன்கிழமை எனக்கு அப்ரைசல் மீட்டிங். வந்து பின்னாடி நில்லேன்."

"வெட்ட முடி ஏது மச்சான்?"

"முடி வேணாம். சத்தம் போதும்."

இன்ஷா கத்தரிக்கோலைத் துடைத்து உறையில் போட்டாள்.

"முதல்ல அப்பாயின்ட்மென்ட் வாங்குங்க," என்றாள்.