இசபெல் தீட்டிய உளி

இக்னேசியஸுக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். உளிக்குச் சாணை பிடிக்கத் தெரியுமா என்று யாராவது கேட்டுவிட்டால் இன்னும் ஏறும். தெரியாது, அதுதான் காரணம். தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில் போட்டு இருபது வருசமாக மரம் கடைகிறவன். ஒரு நாளாவது தன் உளியைத் தானே தீட்டியிருப்பானா? கொழுந்தெடுத்துவிட்டு வந்து, தேத்தண்ணி குடித்த கையோடு, எல்லாவற்றையும் அவன் பெண்சாதி இசபெல்தான் தீட்டிக் கொடுப்பாள்.

"ஒங்களுக்குப் பொறுமை இல்லைங்க. கல்லுல வச்சு எரிச்சுப்புடுவீங்க" என்பாள்.

அவள் போய் இருபத்தைந்து நாளாகிறது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், எழுந்திருக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு, அவள் பேரில் கோயிலுக்கு இரண்டு மெழுகுதிரித் தண்டு கடைந்து கொடுப்பதாக நேர்ந்திருந்தான். பிடுங்கிப் போட்ட தேயிலைக் கட்டை, லேசுப்பட்ட மரமா அது? உளியின் சரிவை மெலிதாகத் தீட்டினால் வாய் பொடிந்தது. தடிப்பாகத் தீட்டினால் மரத்தில் ஏறாமல் உரசிப் புகைந்தது. நாலு கட்டை அடுப்புக்குத்தான் போனது. கடைசியில் கொட்டில் வாசலில் உட்கார்ந்து, வெட்கத்தை விட்டு ஓவென்று அழுதான்.

மகள் மெரினா கணக்கு டீச்சர். பாகைமானியோடு வந்தாள்.

"அம்மா தீட்டுனது ஏதாச்சும் மிச்சம் இருக்காப்பா? அளந்து பாத்துருவோம்."

இரண்டு இருந்தன. ஒன்று, நத்தார்ப் பண்டிகைக்கு முன்பு தீட்டித் துணியில் சுற்றி வைத்தது. நாற்பத்தைந்து பாகை. உளி வாயின் இரண்டு ஓரமும் மயிரிழை பிசகவில்லை.

"இதாம்பா கோணம்!"

மற்றது, சாவதற்கு நாலு நாள் முந்தித் தீட்டியது. வலது ஓரம் நாற்பத்தைந்து. இடது ஓரம் முப்பத்தெட்டு. மெரினா திரும்பவும் அளந்தாள். அதேதான்.

அந்த உளியை இக்னேசியஸ் மறப்பானா? அதனால் ஒரு கதிரைக் கால் பாழாய்ப் போனது. "கண்ண எங்கடி வச்சிருந்த?" என்று கத்தி, உளியை மூலையில் விட்டெறிந்தான். அவள் இடது தோளைத் தேய்த்துக்கொண்டே சோறாக்கப் போனாள்.

"கல்லுல புடிக்கிறப்ப உளியத் தாங்குறது இடது கைதானப்பா?" மெரினா அந்த உளியைத் தன் இடது கைக்கு மாற்றிப் பார்த்தாள். "அன்னைக்கு ஆசுபத்திரியில டொக்டர் கேட்டாரே, இடது கை வலிக்குதுன்னு சொன்னாங்களான்னு. நாம இல்லைன்னுதான் சொன்னோம்."

அவன் கிரைண்டரைப் போட்டு, மற்ற உளிகளை ஒவ்வொன்றாக அளந்து அளந்து நாற்பத்தைந்தில் தீட்டினான். தேயிலைக் கட்டையில் வைத்ததும் சீவல் ரிப்பனாகச் சுருண்டு வந்தது.

"இதையும் சரி பண்ணிருங்கப்பா" என்று மெரினா அந்தக் கோணல் உளியை நீட்டினாள்.

வெடுக்கென்று பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

"வேணாம் தாயி. வலிக்குதுன்னு அவ சொன்னது இது ஒண்ணுலதான். அதுக்கும் நான் ஏசிட்டேன்."