பின்வீட்டுக்குப் போகிற வழி

அக்கா சமையலறை ஜன்னலைத் திறந்தால் தங்கை வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியும். இங்கே தும்மினால் அங்கே கேட்கும். ஆனால் போக வேண்டுமென்றால் ஆட்டோ பிடித்து, நெடுஞ்சாலையில் ஏறி, மேம்பாலத்தடியில் திரும்பி, அந்தக் குடியிருப்பின் வாசலில் காவலாளியிடம் கதை சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை. மனை விற்ற ஒவ்வொருவரும் தன் நிலத்துக்குள் தெருப் போட்டு, எல்லையில் சுவர் வைத்து முடித்துக்கொண்டார்.

தங்கை கணவருக்கு நெஞ்சு வலித்த அன்று ஆம்புலன்ஸ் அக்காவின் தெருமுனைக்குத்தான் வந்தது. கைப்பேசி வரைபடத்துக்கு அதுதான் பக்கம். ஓட்டுநர் சுவரைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், வண்டியைத் திருப்பினார். சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸுக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

தனியாகிவிட்ட தங்கைக்கும் இதயம் பலவீனம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தன் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து, சுவரில் ஒரு வழி கேட்டாள்.

"வழி விட்டா கண்டவன் பைக்கும் உள்ள புகுந்து ஓடும்மா," என்றார் செயலாளர்.

"பைக் போற அகலமா கேட்டேன்? நான் போற அகலம் போதும்."

"அப்ப பைக் தாராளமாப் போகுமே!" என்றார் பொருளாளர்.

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். "சிரிச்சாச்சில்ல? கையெழுத்தைப் போடுங்க."

கொத்தனார் வந்து காலையிலேயே இடிக்க ஆரம்பித்தார். திடீரென்று சுத்தியல் நின்றது. ஒரு சாண் இடைவெளிக்குப் பின்னால் இன்னொரு சுவர். மேலே இரண்டையும் சேர்த்துப் பூசியிருந்ததால் இத்தனை நாளும் யாருக்கும் தெரியவில்லை.

"இது அவங்க சுவரும்மா. உங்களை நம்பாம அவங்களும் ஒண்ணு கட்டியிருக்காங்க."

"அதையும் இடிங்க."

"நல்லா இருக்கே! போலீஸ் வந்தா நீங்களா உள்ள போவீங்க?"

அந்தப் பக்கத்திலிருந்து தங்கையின் குரல் வந்தது. "அக்கா, சத்தம் நின்னுடுச்சே, முடிஞ்சுதா?"

"எங்க சுவர் முடிஞ்சுது. உங்க சுவர் நிக்குதுடி."

"எங்க சங்கத்துல என் பேச்சை யாரு கேப்பாங்கக்கா?"

"உன் பேச்சைக் கேக்க வேணாம், என் பேச்சைக் கேக்கட்டும். உங்க செயலாளர் வீடு எது?"

"பூங்காவுக்கு எதிர்ல. ஆனா அவரு வெளியாளுங்களப் பாக்க மாட்டாரு."

"பாப்பாரு. வாசல்ல சொல்லி வை, வரேன்."

கொத்தனார் சுத்தியலைப் பைக்குள் போடப் போனார். "நான் எவ்வளவு நேரம் காத்துக் கெடக்கிறதும்மா?"

"டீ சாப்பிட்டு இருங்க. பையை மட்டும் கட்டாதீங்க."

புடவையில் படிந்த சிமெண்ட் தூசியைக்கூடத் தட்டாமல் அக்கா ஆட்டோவைத் தேடி வாசலை நோக்கி நடந்தாள்.